அர்த்தநாரியின் மூக்கு

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டால் அர்த்தநாரியின் மூக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். குழாய்க்கிணறு தோண்டும்போது மேலே வரும் கல்தூளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தே, தண்ணீர் எத்தனை அடியில் என்று சொல்லிவிடுவாராம். பாதி தடவை பலித்தது. மீதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவரும்தான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு வண்டியோடு ஈராக் போனார். தங்கை தமிழ்ச்செல்வியின் கணவர் காளிதாஸையும் கூடவே அழைத்துப் போனார். எப்போதோ சண்டை நடந்த மண் அது. இருபதடி தாண்டுவதற்குள் எண்ணெய் மாதிரி பழுப்புச் சேறு பொங்கியது. பூண்டு வாடை.

“மச்சான், இது சரியில்லீங்க. நிறுத்திரலாம்” என்றார் காளிதாஸ்.

அர்த்தநாரி தள்ளி நின்றபடியே மூக்கை உறிஞ்சினார். களிமண் வாடைதான், அள்ளிப் போடு என்றார். காளிதாஸ் முழங்கைவரை சேற்றில் விட்டு அள்ளினார். மறுநாள் அவருக்குக் கண் திறக்கவில்லை, கையெல்லாம் கொப்புளம். பட்டாளத்துக்காரர்கள் வந்து, புதைந்து கிடந்த பழைய விஷக்குண்டு என்று சொல்லி இடத்தை மூடினார்கள்.

இது ஊருக்குத் தெரிந்தால் மூக்கின் பெயர் என்னாவது? ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அர்த்தநாரி கேட்டுக்கொண்டார். காளிதாஸ் சொல்லவே இல்லை.

அப்புறம் ஓயாத இருமல். பார்த்த மருத்துவரெல்லாம் முதலில் பீடி பிடிப்பீர்களா என்றுதான் கேட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பீடி பிடித்த காளிதாஸ் தலையாட்டினார். தமிழ்ச்செல்வி பன்னிரண்டு வருடமாகப் புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அண்ணன் வீட்டில் போய் அழுவாள். அந்த அண்ணனும் வந்து, பீடியை விட்டுத் தொலையுங்கள் மாப்பிள்ளை என்று புத்தி சொன்னார். அடப்பாவி, எப்படித்தான் வாய் வந்ததோ!

போன மாதம் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தப் பரிசோதனையையும் நுரையீரல் ஸ்கேனையும் பார்த்த மருத்துவர், இது பீடி செய்த வேலையில்லை என்றார். என்றைக்கோ உள்ளே போன விஷத்தோடு இந்த உடம்பு இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது, அதில் நுரையீரல்தான் அரித்துப்போகிறது, என்ன விஷம் என்று கேட்டார். காளிதாஸ் சுவரைப் பார்த்தார். அர்த்தநாரியால் அதற்குமேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் வேறு மருந்து பார்த்திருக்கலாம், இனி ஆக்ஸிஜன்தான் என்று சொல்லிவிட்டு மருத்துவர் போனார்.

தமிழ்ச்செல்வி கட்டிலருகே குனிந்தாள். “ஏனுங்க, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல?”

காளிதாஸ் ஆக்ஸிஜன் முகமூடியை நகர்த்தினார். “சொன்னா... உனக்குப் பொறந்த ஊடு இல்லாமப் போயிருமே புள்ள.”

அவள் அழவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பொறந்த ஊட்டுக் கோடித்துணின்னு எடுத்துக்கிட்டு நீங்க வந்திராதீங்கண்ணா.”

ஒன்பதாம் நாள் காளிதாஸ் இறந்தார். கோடித்துணியோடு வந்த அர்த்தநாரி, தங்கை வீட்டுத் தெருமுனையைத் தாண்டவில்லை.