சுத்தமாக வெட்டிய சரிவு

பூங்காவில் அவளைக் களையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினோரு வருடம் குந்திக் களை பறித்ததில் முழங்கால் இரண்டும் போயின. எந்தச் செடி எப்போது பூக்கும், எந்தப் பூச்சி எங்கே வந்து உட்காரும் என்பது மட்டும் மனசில் தங்கியது. அதனால்தான் கோடையில் சனிக்கிழமை சாயங்காலம் காட்டுப்பூக்களும் பூச்சிகளும் பார்க்க வருகிறவர்களை அழைத்துப்போகும் வேலை அவளிடம் வந்தது. அதில் அவளுக்கு ஒரே ஒரு லாபம். அன்றைக்கு மதியத்துக்கு மேல் குந்த வேண்டாம்.

இந்த நடை தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்று பார்க்க இந்த வாரம் மேற்பார்வையாளரே வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் அவள் கொழுந்தனிடம், பெரியவர் வருகிறார், சரிவைப் பார்த்துக்கொள் என்றாள். அவன்தான் அங்கே புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். பார்த்துக்கொண்டான். சாயங்காலம் அவள் வந்தபோது பூக்கள் நின்ற சரிவு முழுக்க மொட்டை அடித்துக் கிடந்தது.

"ஒரு புல்லு தலை தூக்கல பாத்தீங்களா, அண்ணி?" என்றான், வியர்வையைத் துடைத்தபடி.

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "நல்லாருக்கு. வர்றவங்களுக்கு உன் மூஞ்சியத்தான் காட்டணும்."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்ப நட்டு வைக்கட்டுமா என்று மெல்லக் கேட்டான்.

ஒன்பது பேர் வந்தார்கள், மேற்பார்வையாளரோடு பத்து. வெட்டிப் போட்ட குவியலைக் காலால் கிளறி, துள்ளிய வெட்டுக்கிளிகளைக் காட்டினாள். குடை வைத்திருந்த அம்மாள், பூ எங்கே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அப்போதுதான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் ஞாபகம் வந்தது. அங்கே இயந்திரம் நுழையாது. முழங்கால் மடங்காததால் இரண்டு மாதமாக அவளும் அங்கே களை பறிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஏமாற்றிக்கொண்டு வந்தாள்.

அங்கே நெருஞ்சி மஞ்சளாகப் பரந்திருந்தது. தொட்டாற்சுருங்கி பொழுது சாய்வதற்கு முன்னமே இலை மடிக்கத் தொடங்கியிருந்தது. காய்ந்த ஒரு தண்டில் ஐந்தாறு தேனீக்கள் வரிசையாகத் தொங்கின.

"இது தேன்கூடு கட்டாத சாதி. எல்லாம் ஆணுங்க. இதுங்களுக்குக் கூடு கிடையாது. சாயங்காலமானா இப்படிக் குச்சியக் கடிச்சுக்கிட்டே தூங்கிடும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் எதையாவது கடித்துக்கொண்டு தூங்கிவிடலாம் போலிருந்தது.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், ரிமோட்டப் பிடிச்சுக்கிட்டே" என்றாள் குடைக்கார அம்மாள். மேற்பார்வையாளரே சிரித்துவிட்டார். கோடை முடியும்வரை நடை தொடரட்டும் என்றார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார்.

"இந்த இடம் மட்டும் ஏம்மா புதரா கெடக்கு? திங்கக்கிழமை சுத்தம் பண்ணிடு."

பதினோரு வருடத்தில் அவரிடம் அவள் சரிங்க சார் தவிர வேறு பேசியதில்லை. இப்போதும் அதுதான் நாக்கு நுனிவரை வந்தது. முழங்கால் விண்விண் என்றது.

"வேணாம் சார். இதையும் வெட்டிட்டா அடுத்த வாரம் காட்ட ஒண்ணும் இருக்காது."

அவர் மொட்டைச் சரிவைப் பார்த்தார். "அங்கயும் இதெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். நீங்க வர்றீங்கன்னுதான் வெட்டினோம்."

சரி, இது இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

எல்லோரும் போனதும் அவள் தொட்டி மேடையில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. கொழுந்தன் தயங்கித் தயங்கி வந்து, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டான்.

"ஒண்ணும் செய்யாத" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "ஒரு மாசம் சும்மா இரு."