கரியன் விமானம் ஏறினான்

வெளிநாட்டுக்கு நாய் அனுப்பக் காகிதம் தயார் செய்து தருகிற என் தொழிலில், நாய்கள் எனக்குத் தொல்லை கொடுத்ததே இல்லை, அவற்றை வளர்ப்பவர்கள்தான். நாயோ பூனையோ வளர்த்து, ஊர் மாறும் நாளை நினைத்துத் தூக்கம் கெட்ட என் சக அவதிக்காரர்களே, நெய்வேலி நகரியத்தில் நான் கண்ட ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள்.

ஊசிக்கு முன்னால் சிப்

தணிகாசலம் சுரங்கத்தில் ராட்சத மண்வெட்டி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கம்மாபுரத்துக்காரர். ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் மனைவி கமலாவோடும் நாயோடும் போய்விடத் திட்டம். நாயின் பெயர் கரியன், நிறமோ பழுப்பு. நெய்வேலிக் கரி பழுப்புதானே! குவார்ட்டர்ஸை ஒப்படைப்பதற்குள் கரியனுக்கு எல்லாம் முடிந்தாக வேண்டும். இல்லையென்றால் அவனை இங்கே யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போட்டிருந்தார். ஆனால் அந்த நாட்டு விதி வேறு. நாயை அடையாளம் காட்ட, தோலுக்கடியில் அரிசி அளவு சிப் முதலில். அதற்குப் பிறகு போட்ட ஊசிதான் கணக்கு. அப்புறம் ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. கரியனுக்குச் சிப்பே இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். அவர் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இத்தினி வருசம் போட்ட ஊசி போட்டதே இல்லன்னா, நான் போன ஷிப்டெல்லாம் போனது இல்லியா சார்?"

இரும்பு மாளிகை

காத்திருந்த மாதங்களில் கூண்டு வேலை. நாய் உள்ளே நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று அளவு சொல்லி அனுப்பினேன். சுரங்கத்துக்காரர் கையில் அளவு கிடைத்தால் என்ன ஆகும்? வெல்டர் நண்பரைப் பிடித்துக் கனமான இரும்புக் கம்பியில் ஒரு கூண்டு செய்து, மினி லாரியில் ஏற்றி வந்துவிட்டார். இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. விமானத்தில் இதை ஏற்றவே மாட்டார்கள், பிளாஸ்டிக் கூண்டுதான் வாங்க வேண்டும் என்றேன். கூடவே வந்திருந்த வெல்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"யானை ஏறி உக்காந்தாலும் நசுங்காது சார். ஏரோப்பிளேன் அம்மாம் சொத்தையா?"

துவைத்த சட்டை

பிளாஸ்டிக் கூண்டு வந்தது. கரியன் அதற்குள் தலையைக்கூட விடவில்லை. மயக்க மருந்து கொடுத்து அனுப்ப முடியாது. அவனாக அமைதியாக இருந்தால்தான் பயணம். வளர்ப்பவரின் வியர்வை மணம் உள்ள பழைய துணி ஒன்றை உள்ளே விரியுங்கள் என்றேன். தணிகாசலம் கடைசி ஷிப்டுக்குப் போட்டுப் போய், அப்படியே மாட்டி வைத்திருந்த சட்டையை எடுத்து விரித்தார். கரியன் உள்ளே போய்ச் சுருண்டு படுத்தான். இரண்டு வாரம் அதுவே அவன் வீடு.

கிளம்பும் வாரம் கமலாம்மா அந்தச் சட்டையைச் சோப்பும் நீலமும் போட்டுத் துவைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டார். கரியன் முகர்ந்து பார்த்தான். பிறகு வெளியே வந்து, வாசற்படியில் முதுகைக் காட்டிப் படுத்துவிட்டான். கமலாம்மா என்னிடம் ஓடி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பாரின்காரங்க பொட்டியத் தொறந்து பாத்தா, நம்ம வீட்டப் பத்தி என்ன நெனைப்பாங்கன்னுதாங்க தொவைச்சேன்!"

காலி செய்யும் வீட்டில் மண்வெட்டி

சட்டைக்குப் பழைய மணம் திரும்ப, இனிப் போக ஷிப்டு ஏது? மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். தணிகாசலம் அதே சட்டையை மாட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் குவார்ட்டர்ஸ் தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நிழலில் படுத்திருந்த கரியன், அவர் ஒவ்வொரு முறை நிமிரும்போதும் காதை நிமிர்த்தினான். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "காலி பண்ற வூட்டுக்கு எதுக்குண்ணே பாத்தி?" என்றார்.

"பாத்திக்கு இல்லடா, பையனுக்கு. வேர்த்துக்கினு இருக்கேன், கெடுத்துடாத போ."

ஜெர்மனியிலிருந்து

அன்று மாலையே கரியன் கூண்டுக்குள் போய், சட்டைக் காலரில் தாடையை வைத்துக்கொண்டான். சென்னை விமான நிலையத்தில் அவனைத் தள்ளுவண்டியில் கொண்டு போனபோது குரைக்கவில்லை, அழுதது தணிகாசலம்தான். போய்ச் சேர்ந்த பிறகு கமலாம்மா தொலைபேசியில் பேசினார். கரியன் பனியில் நடக்கக் கற்றுக்கொண்டானாம். தூக்கம் மட்டும் இன்னும் கூண்டுக்குள்தானாம்.

"தொவைக்கச் சட்டைய எடுக்கவே வுடமாட்டேங்குறான் சார். நானும் வுட்டுட்டேன், இந்த ஊரு என்னா வேணா நெனைச்சிக்கட்டும்!"

அன்றிலிருந்து என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம், முதலில் சிப், அப்புறம் ஊசி, அதற்கப்புறம் சோப்பை எங்கேயாவது ஒளித்து வையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.