அரேக் மலையை லுசெத் காலி செய்யவில்லை

லுசெத் ஃபூர்காத்துக்குக் கரடியைப் பிடிக்காது. அதைக் கொண்டாடுகிறவர்களையும் பிடிக்காது. கரடிக்குப் பயந்து மலையை விட்டு இறங்குகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. அந்தக் கடைசிக் கூட்டத்தில் அவளுடைய பெரியப்பா மகன் அல்பானும் சேர்ந்துகொண்டதால்தான் போன கோடையில் எங்கள் பிரனீஸ் மலைப் பள்ளத்தாக்கே இரண்டுபட்டது.

நான் கோவேறு கழுதைக்காரன். மேய்ச்சல் காலத்தில் மாவு, உப்பு, நாய்த்தீனி எல்லாம் மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன். என் கழுதையின் பெயர் மந்திரி. பின்னாலிருந்து தள்ளாமல் ஓரடி நகராது. வருடக்கணக்காக ஏறி இறங்கியதில் லுசெத்தின் சங்கதி எனக்கு அத்துப்படி. கல்யாணமான புதிதில் கணவர், "மலையா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றாராம். அவள் மலையேறும் பூட்ஸைத் தேடியிருக்கிறாள். அவர் இப்போது துலூஸ் நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். நல்ல மனிதர், இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு வாத்துக்கால் அனுப்புகிறார்.

அரேக் மலையின் மேய்ச்சல் நிலம் ஊர்ப் பொது. செப்டம்பர் சந்தை நாள் வரை அங்கே மந்தை நின்றால் அடுத்த வருட உரிமையும் நமக்கு. அதற்குள் காலியானால் போச்சு. பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஆறு வீட்டு ஆடுகளோடு தன் ஆடுகளையும் சேர்த்து மேய்த்து, அந்த உரிமையை விடாமல் பிடித்து வைத்திருந்தவள் லுசெத்.

ஜூன் மாதம் கரடி வந்தது. இன்றைக்கு ஒன்று, நாலு நாள் கழித்து ஒன்று என்று ஆடு போனது. ஆட்டுக்காரர்கள் காபிக் கடையில் கூடினார்கள்.

"மணிச் சத்தம் கேட்டுத்தான் அது வருது" என்றார் அல்பான். "நாமளே சாப்பாட்டு மணி அடிச்சுட்டு, ஐயோ வந்துட்டானேன்னு அழுதா எப்படி?"

"அண்ணே, கரடிக்கு மூக்கு இருக்கு, மணி வேண்டாம். பனிமூட்டத்துல எனக்குத்தான் கண்ணு தெரியாது. அந்த மணியை வெச்சுத்தான் நான் மந்தையைப் பாக்குறேன்."

யார் கேட்டார்கள்? கை தூக்கி முடிவெடுத்து, ஆடுகளின் கழுத்திலிருந்த மணிகளையெல்லாம் கழற்றி அல்பானின் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். மேலே ஒரு நாள் காவல் இருந்து பார்க்காதவர்களின் புத்தி!

ஜூலையில் மூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியாத மூட்டம். மணி இருந்திருந்தால் மந்தை மேய்கிறதா, படுத்திருக்கிறதா, மிரண்டு ஓடுகிறதா என்று காதே சொல்லியிருக்கும். அன்று லுசெத்துக்கு நாய்கள் குரைப்பது மட்டும் கேட்டது, எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. பிறகு கற்கள் உருளும் சத்தம். மூட்டம் விலகியபோது பாறைச் சரிவுக்கு அடியில் ஆடுகள் குவிந்து கிடந்தன. கரடி தின்றது ஒன்றைத்தான், மற்றவை பயத்தில் ஓடி விழுந்தவை. மூச்சு மிச்சமிருந்தவற்றை அவளே கத்தியால் முடித்து வைத்தாள். மாவு மூட்டையோடு போய்ச் சேர்ந்த நான் அவள் அழுததைப் பார்த்தேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதில் அதிகம்.

மறுநாள் அல்பானும் மற்றவர்களும் ஏறி வந்தார்கள்.

"எல்லாத்தையும் இறக்கிடலாம்மா. உன்னோடதையும் சேர்த்து."

"சந்தைக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. இப்ப இறக்கினா மலை போயிடும்."

"மலை போனா போகுது. உன் உயிர் போனா?"

"மணியைக் கழட்டுறப்ப என் உயிர் உனக்கு ஞாபகம் வரலையா அண்ணே?"

அல்பான் முகம் சிவந்தது. "தனியா நின்னு கரடியோட மல்லுக்கட்டப் போறியா?"

"அது பாட்டுக்கு அது இருக்கட்டும். நானும் இருப்பேன். என்னை இறங்குன்னு சொல்ல அது யாரு? நீதான் யாரு?"

அவர்கள் ஆட்டு முதுகில் பூசியிருந்த சாய அடையாளம் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்து ஓட்டிப்போனார்கள். லுசெத்தின் ஆடுகள் ஒரு கைப்பிடி மட்டும் மேலே மிஞ்சின.

"என் மணியைக் கொண்டு வா" என்றாள் என்னிடம்.

"அல்பான் தருவாரா?"

"எவன் உன்னைக் கேக்கச் சொன்னான்? எடுத்துட்டு வா."

காதும் காதும் வைத்ததுபோல் கொண்டுபோகலாம் என்றால் அது மணி மூட்டையாயிற்றே! பட்டப்பகலில், காபிக் கடை வாசல் வழியாக, மந்திரி ஊரையே கூட்டிக்கொண்டு நடந்தது. அல்பான் சாப்பிடும்போது கழுத்தில் கட்டிய துணியோடு கடையிலிருந்து ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டுடா எடுத்தே?"

"மந்திரியைக் கேட்டுத்தான்" என்றேன். கடையே சிரித்தது. அவரால் என்ன செய்ய முடியும்?

ஆகஸ்டில் மறுபடி மூட்டம். அன்று நானும் மேலே இருந்தேன். மணிகள் நிதானமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று இடப்பக்கத்து மணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் அலறின. லுசெத் தடியோடு அந்தப் பக்கமே ஓடினாள். நானும் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். மந்திரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூட்டம் கொஞ்சம் கிழிந்தபோது கரடி இரண்டு காலில் நிமிர்ந்து நின்றது. பத்தடி தள்ளி அவள், இரண்டு பக்கமும் நாய்கள், பின்னால் மந்தை.

"வந்துட்டியாடா தடியா? பாறைப் பக்கம் விரட்டலாம்னு பாத்தியா? இன்னைக்கு எனக்குக் காது கேக்குதுடா! போ!"

அது நாலு காலில் இறங்கி, அவளையே பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து மறைந்தது. ஒரு ஆடு கழுத்து முறிந்து கிடந்தது. மற்றவை பிழைத்தன. லுசெத் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள்.

"பயமா இருந்துச்சா?" என்றேன்.

"பின்ன என்ன? கேக்குறான் பாரு கேள்வி."

சந்தை நாளன்று மேய்ச்சல் உரிமையைச் சரிபார்க்க மேயர் மூச்சிரைக்க ஏறி வந்து சுற்றிலும் பார்த்தார்.

"இவ்வளவுதானாம்மா மந்தை?"

"எத்தனைன்னு சட்டத்துல இருக்கா? மந்தை நிக்குதா, இல்லையா?"

மேயர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "நிக்குது" என்றார்.

இந்த வருடம் மேலே ஏறும் நாளில் நான் மந்திரிக்குச் சுமை கட்டிக்கொண்டிருந்தேன். அல்பான் தன் ஆடுகளோடு லுசெத்தின் வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"என்னோடதையும் ஏத்திக்கிறியா லுசெத்?"

அவள் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "கரடி இன்னும் மேலதான் இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. ஓட்டு."