கோட்டக்கா வாங்கின நல்ல தண்ணீர்

பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி. பல் மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்துக் கொடுக்கிறவள் என்பதால் கட்டடம் முழுக்க அவளுக்குக் கோட்டக்கா என்றுதான் பேர். மூன்றாவது மாடி வீட்டில் பின்பக்க அறை அவளுடைய ஆபீஸ். ஒரு வாஷிங் மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கொடிகள். பதினோரு வருஷமாக வாரத்துக்கு நாற்பது கோட்டு. சொன்ன நாளில் கொடுக்காமல் இருந்ததே இல்லை.

ஆனால் அந்தக் கட்டடத்துக்கு வருவது போர்வெல் தண்ணீர். உப்பென்றால் உப்பு, அப்படியோர் உப்பு. சோப்பைப் போட்டால் நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்த பால் மாதிரி திரிதிரியாக மிதக்கும். அதனால் நசுங்கிப்போன அலுமினிய டம்ளரில் கோபுரமாக சோப்புத்தூளை அள்ளிப் போடுவாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். கஞ்சன் இல்லை, கணக்குப் பார்க்கிறவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். டம்ளரைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார். "உன் கை ஊதாரிக் கைம்மா. சோப்பைத் தின்னுதா, துவைக்குதா?" கை சரியில்லையோ என்ற சந்தேகம் அவளுக்கே உண்டு.

போன மாதத் தொடக்கத்தில் மருத்துவமனை நர்ஸம்மா ஒரு கோட்டை உதறிக் காட்டினார். காலர் அட்டை மாதிரி விறைத்திருந்தது. வெள்ளை, வெள்ளையாக இல்லை. பழைய பல் மாதிரி இருந்தது. பல் மருத்துவமனையில் அது எப்படி எடுபடும்?

"டாக்டருங்க குறை சொல்றாங்கம்மா. இந்த மாசம் பார்க்கிறோம். சரியாகலன்னா பெரிய லாண்டரிக்குக் குடுத்துடுவோம். வருத்தப்படாதீங்க."

வருத்தப்படாதீங்க என்று சொன்னால் வருத்தம் நின்றுவிடுமா? வீட்டு வாடகையே அந்தக் கோட்டுகள்தான்.

கீழ் வீட்டு பிளம்பர்தான் வழி சொன்னார். "உங்க கையில தப்பில்லக்கா. தண்ணிதான். உப்புத் தண்ணியை மென்மையாக்கற சாஃப்ட்னர் ஒண்ணு குழாயில போடுங்க."

அவள் கடைக்கு வெறுங்கையோடு போகவில்லை. ஒரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீர், ஒரு காலி பாட்டில், முந்தானையில் முடிந்த சோப்புத் துண்டு. கடைக்காரர் முதலில் வீடு முழுமைக்குமான தானியங்கி சாஃப்ட்னரைக் காட்டினார். அவளிடம் இருந்த பணத்தைச் சொன்னதும் அவர் குரல் ஒரு படி இறங்கியது. குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"அதுக்குப் போடற மாதிரி இதுக்கு உப்பே வேணாம், கரண்டும் வேணாம். மாட்டினா போதும்க்கா."

"நல்லதா போச்சு. இதுல என் தண்ணியை விட்டு இந்த பாட்டில்ல பிடிங்கண்ணே."

பிடித்தார். சோப்பைப் போட்டுக் குலுக்கினாள். அதே திரிதிரி. அடுத்து மூலையில் கிடந்த சின்ன உருளையைக் காட்டினாள். கையால் உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டிய மாடல், மெஷினுக்கு மட்டும் போதுமானது. அதில் வந்த தண்ணீரைக் குலுக்கினதும் நுரை பாட்டில் கழுத்து வரை ஏறி நின்றது. கடைக்காரர் காந்தத்தை எடுத்த இடத்தில் வைத்தார். அவள் அந்த உருளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"உப்புத் தண்ணியைச் சரிபண்ண உப்பு போடறதா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"முள்ளை முள்ளாலதாங்க எடுக்கணும்."

பிளம்பர் மாட்டிக் கொடுத்தார். மாதம் முடிய ஒரு நாள் பாக்கி. மறுநாள் சாயங்காலம் கோட்டுகள் போயாக வேண்டும். பழைய படிவு போக வினிகரில் ஊறவைத்து, அலசி, மெஷினில் போட்டாள். பதினோரு வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? கை தானாக டம்ளரை எடுத்தது, கோபுரமாக அள்ளியது, கொட்டியது.

கால் மணி நேரத்தில் மெஷின் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை வெளியே வந்தது. தரையெல்லாம் நுரை. ஓடிப்போய் நிறுத்தி, துணியை எடுத்து அலசினாள். வழவழ என்றது. மறுபடி அலசினாள். அப்போதும் நுரை. நாலு முறை அலசியும் போகவில்லை. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைக்குப் போன் போட்டாள்.

"பணத்தை வாங்கிட்டு எதைண்ணே தலையில கட்டினீங்க? சோப்பு போகவே மாட்டேங்குது."

"எவ்வளவு போட்டீங்கக்கா?"

"எப்பவும் போடற ஒரு டம்ளர்."

"அக்கா, இனிமே ரெண்டு ஸ்பூன் போதும். அலசினப்புறமும் கொஞ்சம் வழுவழுன்னுதான் இருக்கும். அது சோப்பு இல்ல, தண்ணியோட குணம். பயப்படாதீங்க."

போனை வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ரெண்டு ஸ்பூன். பிறகு எழுந்து தரையைத் துடைத்து, மெஷினை மறுபடி ஓட்டினாள்.

மறுநாள் கொடியில் காய்ந்த கோட்டின் காலரை வீட்டுக்காரர் மடக்கிப் பார்த்தார். அட்டையாக விறைக்காமல் துணியாகவே மடங்கியது. இனி ரெண்டு ஸ்பூன் சோப்புத்தூளே போதும் என்று அவள் சொன்னதும், மெஷின் மேல் இருந்த ஸ்பூனையும் அந்த டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷம் நான் உன்னைத் திட்டினது..."

"தண்ணியைத் திட்டியிருக்கணும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சூடேற்றினார். அவருக்கு இஸ்திரி போடத் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் வரை கூடவே நின்று மடித்துக் கொடுத்தார்.

நர்ஸம்மா பார்சலைப் பிரித்து ஒரு கோட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த வாரத்து மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார்.

"யாரும்மா துவைச்சது? வேற ஆள் வெச்சிருக்கீங்களா?"

கோட்டக்கா ஊறி வெளுத்த தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"இதே கைதாம்மா. பதினோரு வருஷமா இதே கைதான்."