ஆறு பேருக்குச் சமையல்

“ஆறு பேருக்கு எப்படி டீச்சர் சோறு ஆக்குறது?”

அன்று சாப்பிடும் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, காலை பத்து மணிக்குப் பள்ளிச் சமையலறை வாசலில் வந்து நின்ற கமலினியிடம் பானுமதி இப்படித்தான் கேட்டாள். விடுகதையோ என்னவோ என்று கமலினி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“சிரிக்காதீங்க. நெசமாத்தான் கேக்குறேன்.”

“நான் சிரிக்கலையேக்கா.”

“மனசுக்குள்ள சிரிச்சிருப்பீங்க. நீங்க வெளிய சிரிச்சு யாரு பாத்தா?”

“தினமும் நாப்பத்தெட்டுப் பேருக்கு ஆக்குறீங்க. ஆறு பேருக்கு ஆக்குறதுல என்ன இருக்கு?”

“அதான் வம்பே. நாப்பத்தெட்டுன்னா கை தன்னால போவும். ஆறுன்னா எங்க நிறுத்துறதுன்னு கைக்குத் தெரியாது.”

“வீட்டுல சமைக்கிறதில்லையா?”

“எங்க வுட்டாங்க? கட்டிக்கிட்டு வந்த புதுசுல மாமியா ஆக்குச்சு. அதுக்கப்பறம் எம்பொண்ணு கலைமதி. ஏழாவது படிக்கிறப்பவே கரண்டியப் புடுங்கிக்கிச்சு. ‘நீ ஆக்குனா தெருவுக்கே ஊத்தணும்மா’ன்னு.”

“இப்ப மட்டும் ஏன்?”

“ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுலேருந்து கை நனைக்க வராங்க. வையம்பட்டியிலேருந்து, ஆறு பேரு. பொண்ணு பாத்தாச்சு, புடிச்சிருக்குன்னும் சொல்லிட்டாங்க. ஆனா நம்ம வீட்டுல எல போட்டு ஒரு வாய் சாப்புட்டாத்தான் சம்பந்தம் உறுதி. அதுவரைக்கும் பச்சத்தண்ணி குடிச்சுட்டுப் போயிடுவாங்க.”

“கலைமதியே சமைக்கட்டுமே.”

“அன்னிக்கு அது பட்டுப்பொடவ கட்டி உக்காந்திருக்கணும். அதவிட, மாப்ளைக்கு அத்தை ஒண்ணு இருக்கு. போன தடவ வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே சொல்லுச்சு, ‘சம்பந்தியம்மா கையாலதான் சாப்புடணும். சத்துணவு ஆக்குற கையாமே, உப்பு ஒறப்பு இருக்குமா, கஞ்சியாட்டம் ஊத்துவீங்களா?’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க, கலை மட்டும் சிரிக்கல. அந்தப் பொம்பள ஒரு வாய் வச்சுட்டு எலைய மூடிருச்சுன்னா, எம்பொண்ணு நாளைக்கு அந்த வீட்டுல எப்படித் தல நிமிந்து நிக்கும்?”

கமலினி சீட்டைக் கொடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள். அதிகம் பேசாத பெண் அவள். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, டோல்கேட்டில் மாறி, திருவெள்ளறையைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. தலைமையாசிரியர் ரங்கசாமி சாருக்கு ஒன்று முதல் மூன்று வரை. அவளுக்கு நான்கும் ஐந்தும். இரண்டு வகுப்பும் ஒரே அறைதான்.

பானுமதிக்கு அங்கே பதினெட்டு வருடம். ஒன்றாம் வகுப்பில் அவள் கையால் சாப்பிட்ட பையன் இப்போது கல்யாணமாகிக் குழந்தையோடு எதிரில் வந்தாலும், “மிளகாயப் பொறுக்கி வெளிய வைப்பியே, இப்பவும் அப்படித்தானா?” என்று கேட்பாள். தட்டை எப்படி நீட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தே யார் காலையில் சாப்பிடவில்லை, யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று சொல்வாள். ஆனால் அவளிடம் அளவுக்கோப்பை கிடையாது, தராசு கிடையாது. எல்லாம் கை. மகளுக்கு ஒரு முறை உடம்பு சரியில்லாதபோது மூன்று பேருக்கு ரசம் வைத்தாள். அந்தத் தெரு முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டு நாள் அதைக் குடித்தது.

அன்று மதியம் கணக்குப் புத்தகத்தில் ‘அளவைகள்’ பாடம். மூன்று கிலோவை கிராமாக மாற்றுக என்று கரும்பலகையில் எழுதிய கமலினி, பாதியில் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“நம்ம சமையல் ஆயாவுக்கு ஒரு கணக்குத் தெரியலையாம். நாம போட்டுக் கொடுக்கலாமா?”

பெஞ்சுகள் நகர்ந்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ரங்கசாமி சார் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலை, அறிவியல் பெட்டியில் இருந்த தராசு சமையலறை வாசலுக்கு வந்தது. அடுப்புப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று கமலினி தரையில் ஒரு கோடு கிழித்திருந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருபது பிள்ளைகள். அந்தப் பக்கம் பானுமதி, தேர்வு எழுத வந்தவள் மாதிரி.

“ஆயா, சாம்பாருக்கு எவ்வளவு உப்பு?” ஐந்தாம் வகுப்பு ரஞ்சித் நோட்டோடு நின்றான்.

“ரெண்டு புடி.”

“ஒரு புடின்னா எவ்வளவு?”

“ஒரு புடின்னா ஒரு புடிதான்டா.”

“இதுல போடுங்க.”

கல்லுப்பை அள்ளித் தட்டில் போட்டாள். அறுபது கிராம். இன்னொரு முறை போடச் சொன்னார்கள். மறுபடியும் அறுபது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மூன்றாவது தடவை ஐம்பத்தொன்பது.

“ஒரு கிராம் குறையுது ஆயா!”

“நீங்க சிரிப்பு மூட்டுனீங்க, கை ஆடிடுச்சு,” என்றாள் பானுமதி. பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பதினெட்டு வருடமாகக் கூடவே இருந்த கையை அன்றுதான் யாரோ அறிமுகப்படுத்தி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

புளி, பருப்பு, மிளகாய்த்தூள், வெல்லம் எல்லாம் தராசில் ஏறி இறங்கின. உருளைக்கிழங்கை எண்ணுவதா நிறுப்பதா என்று ஒரு சண்டை வந்து தீர்ந்தது. அடுத்த சண்டை பெரியது. ஆறு பேர் என்றால் எட்டால் வகுக்க வேண்டும் என்றான் ரஞ்சித். நான்காம் வகுப்பு சம்ரீன் எழுந்தாள்.

“வரப்போறவங்க பெரியவங்க. எங்க அத்தா நான் திங்கிறதுல ரெண்டு மடங்கு திம்பாங்க.”

“அப்ப ஒரு பெரியவங்க, ரெண்டு பிள்ளை,” என்றாள் கமலினி.

ஆறு பெரியவர்கள், பன்னிரண்டு பிள்ளைகள். நாற்பத்தெட்டில் நாலில் ஒரு பங்கு. அரிசி ஒரு கிலோ இருநூறு. உப்பு முப்பது கிராம். தேக்கரண்டியில் தலை தட்டிப் போட்டுப் பார்த்ததில் ஆறு கரண்டி. எல்லாவற்றையும் நாலால் வகுத்து, ஒரு பெரிய காகிதத்தில் கோடு போட்டு எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில் ஒத்திகை. பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்திருந்தார்கள். நிறுத்துப் போட்டுப் பானுமதி அடுப்பில் ஏற்றினாள். பத்தாவது நிமிடம் ரஞ்சித் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினான்.

“ஆயா, எறக்குங்க!”

“என்னாத்த எறக்குறது? இப்பத்தான கொதிக்குது?”

“நாப்பத்தெட்டுப் பேருக்கு நாப்பது நிமிசம்னு நீங்கதான சொன்னீங்க. நாலால வகுத்தா பத்து. கணக்கு சரிதான் ஆயா.”

காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. கமலினி வாயைத் திறக்கப் போனாள். பானுமதி கண்ணாலேயே அவளை அடக்கிவிட்டு, பயபக்தியோடு பாத்திரத்தை இறக்கி, வடித்து, ஆற வைத்து, ஆளுக்கொரு கரண்டி வைத்தாள்.

“கணக்கு சரின்னா சாப்புடுங்க.”

நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. துப்பினால் தோல்வி என்று ரஞ்சித் கண்ணில் நீர் வர மென்றுகொண்டிருந்தான்.

“கோழிக்குப் போடலாம்,” என்றான் ஒருவன்.

“எங்கம்மா ஒரு முட்ட அவிச்சாலும் பத்து முட்ட அவிச்சாலும் ஒரே நேரந்தான் ஆவுது,” என்றாள் சம்ரீன் யோசனையாக. “நேரத்த ஏன்டா வகுத்த?”

மிச்ச அரிசியை மறுபடி போட்டு வேகவைத்தார்கள். இருபத்திரண்டு நிமிடம் ஆனது. காகிதத்தில் ‘10 நிமிடம்’ சிவப்பு மையில் அடிபட்டு, ‘வேகும் வரை’ என்று ஏறியது. அதே கணக்கில் வைத்த சாம்பார் நாக்கில் சரியாக உட்கார்ந்தது. ரங்கசாமி சார் இரண்டாவது முறை தட்டை நீட்டி, “இதுவும் பாடம்தான்,” என்று காரணம் சொல்லிக்கொண்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பானுமதி சிரித்த சிரிப்பு சாலை வரை கேட்டது. கமலினியும் வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் பானுமதி பார்த்துவிட்டாள்.

“ஞாயித்துக்கெழம நீங்க வரணும் டீச்சர். நீங்க பக்கத்துல நின்னாத்தான் கை சொன்ன பேச்சு கேக்கும்.”

லீவு நாளில் அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குத் தனியாகப் போய் கமலினிக்குப் பழக்கமில்லை. ஆனாலும் போனாள்.

பானுமதியின் வீட்டுச் சமையலறைச் சுவரில் அந்தக் காகிதம் சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. கூடத்தில் வையம்பட்டிக்காரர்கள் ஆறு பேர். தலையைக் குனிந்து பூத்தொட்டி டிசைன் போட்ட பாயையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை. நடுவில், நாற்காலியை நிறைத்துக்கொண்டு அத்தை. பானுமதியின் கணவர் தங்கராசு எல்லோருக்கும் மேசை விசிறியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

சோறு ஆனது. உருளைக்கிழங்கு வறுவல் ஆனது. பள்ளியில் விசேஷ நாட்களில் போடும் சர்க்கரைப் பொங்கலும் நெய் மணக்க இறங்கிவிட்டது. சாம்பார் கொதித்து வரும்போது, “எலை போடலாமா? பசிக்குது,” என்றது அத்தையின் குரல். அவசரத்தில் பானுமதி சுவரை மறந்தாள். கை தானாக உப்பு ஜாடிக்குள் போய், நிறைய அள்ளிக்கொண்டு, சாம்பாருக்கு மேலே வந்து நின்றது.

“அக்கா! ஆறு ஸ்பூன்!”

இவ்வளவு சத்தமாகப் பேச முடியும் என்பது கமலினிக்கே அப்போதுதான் தெரிந்தது. 

“யாரு உள்ள அதட்டுறது?” என்றாள் அத்தை.

“ஸ்கூலு டீச்சருங்க,” என்றார் தங்கராசு.

“அட, சமையலுக்கே டீச்சர் வச்சிருக்கீங்களா?”

பானுமதி கையிலிருந்த உப்பை ஜாடிக்குள் உதறிவிட்டு, கரண்டியைத் தலை தட்டி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஆறு போட்டாள்.

இலை போட்டார்கள். அத்தை சாம்பார் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கதவுக்குப் பின்னால் பானுமதி கமலினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையில் இருந்த கலைமதி, அத்தையின் வாயையே பார்த்தாள். அத்தை மென்றாள், விழுங்கினாள். மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, “நீ என்னடா பாத்துக்கிட்டு இருக்க? சாப்புடு,” என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏம்மா சம்பந்தி, அந்தச் சாம்பார இப்படிக் கொண்டாங்க. கதவுக்குப் பின்னாடி நின்னா எப்படி?”

பானுமதி வெளியே வந்து தன் கையால் ஊற்றினாள். அத்தை மூன்று முறை வாங்கினாள். “நாப்பத்தெட்டுப் பேருக்கு ஆக்குற கைன்னாங்க, பயந்துக்கிட்டே வந்தேன். வாய்க்கு ருசியாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளைங்க குடுத்து வச்சதுங்க,” என்று எழுந்து கை கழுவினாள். கழுவிய கையோடு, தை மாதத்தில் நிச்சயம் என்று அவளே நாளும் சொன்னாள்.

வந்தவர்களின் வேன் தெருமுனை திரும்பியதும் கலைமதி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தங்கராசு துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, “சரி, பசி உயிர் போவுது, போடு,” என்று உட்கார்ந்தார்.

கலைமதி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். சாம்பார்ப் பாத்திரத்தைத் திறந்தாள்.

“அம்மா, நமக்கு?”

ஒரு பருக்கை இல்லை. கமலினி சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். ‘விருந்தினர் 6 = பிள்ளைகள் 12’ என்று ரஞ்சித்தின் குண்டு எழுத்தில் தெளிவாக இருந்தது. வீட்டுக்காரர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளியில் நாற்பத்தெட்டு என்றால் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். சமைக்கிறவள் அதில் வரமாட்டாள். அவள் கடைசியில் அடியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுவாள். அந்தச் சீட்டைத் தினமும் எழுதிக் கொடுப்பவள் கமலினிதான். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பானுமதிதான் முதலில் சிரித்தாள். பிறகு கலைமதி. கடைசியில் தங்கராசு, “பொண்ணக் குடுத்தோம், சோத்தையும் குடுத்துட்டோம்,” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் பரோட்டா வாங்கி வந்தார். நான்கு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் பானுமதி பஸ் ஏற்றிவிட வந்தாள். வயல் காற்றில் இருவரும் நின்றிருந்தார்கள். தூரத்தில் பஸ் தெரிந்தபோது அவள் கமலினியின் கையைத் தொட்டாள்.

“டீச்சர், கல்யாணமாயி கலை போயிடுச்சுன்னா வீட்டுல நானும் அவருந்தான். பிள்ளைங்ககிட்டச் சொல்லி ரெண்டு பேருக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க. இந்தத் தடவ என்னையும் சேத்து எண்ணச் சொல்லுங்க.”