மேற்குப் பக்கம் ஒரு குழை

வாடும் வேப்பங்குழையின் கசந்த வாசனை எங்கே வந்தாலும், எட்டயபுரம் சாலையோரக் கரிசலில் நான் பட்ட அவசரம் நினைவுக்கு வந்துவிடும்.

மகளின் பிரசவத்துக்காகக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய என் மனைவி, "வெயில் தாழ்ந்த பொறவு நாத்த நடுங்க" என்று சொல்லித்தான் போனாள். பழைய சேலையை நிழலுக்குக் கட்டி, ஒரு மாதமாக அவள் வளர்த்த கத்தரி நாற்றுகள் அவை. சாயங்காலம்வரை என் கை சும்மா இருக்குமா? காலை பதினோரு மணிக்கே எல்லாவற்றையும் நட்டுவிட்டேன். ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தால் அத்தனையும் துவண்டு மண்ணில் கிடந்தன.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் வேலியோரம் நின்று சிரித்தாள்.

"அண்ணாச்சி, நாத்து நட்டியளா, வத்தல் போட்டியளா?"

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தத் தண்ணி கொதிக்கும். குடிக்கிற பானைத் தண்ணியக் கொண்டாங்க" என்றபடி உள்ளே வந்தாள். ஆடுகளின் இரைக்காகத் தலையில் சுமந்து வந்த வேப்பங்குழைக் கட்டை அவிழ்த்தாள். பின்னேர வெயில் படாதபடி ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கம் ஒரு குழையை ஊன்றிக்கொண்டே போனாள். நான் பின்னாலேயே தண்ணீர் ஊற்றினேன். வெளியே ஆடுகள் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தன.

வெயில் சாய்ந்தபோது சில கொழுந்துகள் மெல்ல நிமிர்ந்தன. என் அவசரத்துக்காக ஒருத்தியின் ஆடுகள் அரைவயிறாகப் போகின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"நல்லவேளை, வீட்டுல தெரியாமத் தப்பிச்சேன்."

ஆடுகளைத் திருப்பிக்கொண்டே அவள் சொன்னாள்: "நாத்து செத்துப்போனா நீங்க சொல்லாமலே மதினிக்குத் தெரிஞ்சிரும். பொழைச்சுக்கிட்டா நீங்கதான் சொல்லணும், அண்ணாச்சி. வாரேன்."