டோக்கன் நம்பருக்கு ஓட்டு இல்லை

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க இப்போது நான் ப்ளாக் ப்ளாக்காகப் போகிறேன். "வீட்டுக்காரர் பேர்?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் பெண்கள் இனிஷியலோடு சொல்லிவிடுகிறார்கள். போன வாரம் ஒருத்தி அடுப்படியிலிருந்தே கத்திச் சொன்னாள். சிரிப்பு வந்தது. கூடவே என் சின்ன வயசில் பார்த்த அம்மாவும் ஞாபகத்துக்கு வந்தாள்.

நாட்டின் முதல் தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது, தன் பேரைச் சொல்லாமல் "இன்னாரின் மனைவி" என்று மட்டும் சொன்ன பெண்கள் ஏராளமாம். அவர்களையெல்லாம் நீக்கிவிட்டார்களாம். அம்மாவுக்குச் சிக்கல் தலைகீழ். தன் பேரைத் தாராளமாகச் சொல்வாள். அப்பா பேர்தான் வாயில் வராது. முத்தாண்டிக்குப்பம் என்ற கிராமத்தில் வளர்ந்தவள், புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பினாள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அது ஒரு கஷ்டமாகவே இல்லை. அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கவோ, குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகுகிறது என்று புகார் கொடுக்கவோ கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்த டோக்கன் நம்பர் போதும். அம்மா அதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள்.

எனக்கு ஒன்பது வயசிருக்கும்போது ஒரு தேர்தல். கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லாத அம்மாவின் பேர் அந்த வருஷம்தான் ஏறியிருந்தது. அப்பாவுக்கு பர்ஸ்ட் ஷிப்ட். எந்தச் சின்னத்தில் குத்த வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸுக்குப் போனார். அம்மா தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றாள். அவள் போடப்போகும் முதல் ஓட்டு அது.

பட்டியலில் அவள் பேரில் இன்னொருத்தியும் இருந்தாள். வெளியூர்க்காரரான அதிகாரி, "வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா" என்றார். அம்மா டோக்கன் நம்பரைச் சொன்னாள்.

"அது என்ன நம்பர்?"

"அவரு நம்பர்தாங்க. மைன்ஸ்ல கேட்டா சொல்லுவாங்க."

வரிசை சிரித்தது. அந்த ப்ளாக்குக்கு நாங்கள் புதுசு. எங்களுக்காகப் பேச யாரும் இல்லை. நான் அப்பா பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்; பெற்றவர் பேரைப் பிள்ளை சொல்வதும் அவளுக்குத் தப்பு.

"நம்பருக்கெல்லாம் ஓட்டு இல்லம்மா. பேர் சொல்ல முடியலன்னா போய் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க. நகருங்க."

அந்த ஆள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். நானும் இப்போது அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு அலைகிறேன் என்பது வேறு விஷயம்.

அம்மா நகரவில்லை. "அவரு வந்து சொன்னாத்தான் எனக்கு ஓட்டா? அவரு ஓட்டுப் போட வரும்போது என்னக் கூட்டிக்கினு வரச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

அதிகாரி பேனாவால் பட்டியலைத் தட்டினார். அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அப்பா பேரைச் சொன்னாள். பட்டியலில் இருந்தபடியே மொட்டையாக, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. மை வைக்க விரலை நீட்டினாள்.

அப்பா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் யாரோ சேதியைச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருந்தார்கள். சோற்றில் கை வைக்காமல், "என் பேரச் சொன்னியாமே?" என்றார்.

"சாமிய வேண்டிக்கினுதான் சொன்னேன். ஒண்ணும் ஆவாது, சாப்பிடுங்க."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நான் சொன்ன சின்னத்துலதான குத்துன?"

அம்மா ரசத்தை ஊற்றினாள். "அத மட்டும் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தல் வரும்போதும் அப்பா அந்தப் பழைய ஓட்டைப் பற்றிக் கேட்பார், கெஞ்சுவார், கோபித்துக்கொள்வார். அவள் மசியவே இல்லை. போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இப்பவாவது சொல்லேன்" என்றார்.

"ஒடம்பு தேறி வூட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள் அம்மா.

அவர் வரவில்லை. அம்மா என்னிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.